கசப்புப் பட்டையைத் தேடிப் போனவர்



கடலூர் சில்வர் பீச்சுல உட்கார்ந்து வேர்க்கடலை கொறிச்சிருப்பீங்க. பண்ருட்டி முந்திரி இல்லாத பொங்கல் நம்ம வீட்ல இறங்காது. மழை நாள்ல அவிச்ச மரவள்ளிக்கிழங்கு இருந்தா வேற எதுவும் வேணாம். இந்த மூணுமே நம்ம ஊர்ப் பயிர்னுதான் நினைச்சிட்டு இருக்கோம். ஆனா மூணோட பூர்வீகமும் தென் அமெரிக்கா. யார் எப்போ கொண்டு வந்தாங்கன்னு கேட்டா, போர்ச்சுகீசியர் காலம்னு பொதுவா சொல்லலாம், ஆள் பேர் சொல்ல முடியாது.

அதே கண்டத்துல இருந்து நம்ம மாநிலத்துக்கு வந்த இன்னொரு செடிக்கு மட்டும் ஆள், தேதி, வழி எல்லாமே தெரியும். அது சிங்கோனா. அதோட பட்டையில இருந்து எடுக்கிறதுதான் மலேரியாவுக்கான கொய்னா. அந்தக் கதையில முதல்ல அடிபடுற பேர் கிளமென்ட்ஸ் மார்க்கம்.

1830-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 13 வயசுலயே கடற்படையில் சேர்ந்தார். வட துருவப் பனிக்கடலில் காணாமல் போன பிராங்க்ளின் குழுவைத் தேடிப் போன கப்பல்களில் ஒன்றில் அவரும் இருந்தார். திரும்பி வந்ததும் வேலையை விட்டுட்டு, 22 வயசுல பெரு நாட்டுக்குக் கிளம்பிட்டார். காரணம், இன்கா மக்களோட வரலாறு மேல இருந்த பைத்தியம். குஸ்கோ நகரத்தில் தங்கி, மலைவாழ் மக்களின் கெச்சுவா மொழியையும் கத்துக்கிட்டார். அப்பா இறந்ததால் ஊர் திரும்பி, லண்டனில் அரசாங்க குமாஸ்தா ஆனார்.

அப்போ இந்தியாவுல மலேரியா காய்ச்சல் கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொன்னுட்டு இருந்துச்சு. கொசுதான் அதைப் பரப்புதுன்னு ரொனால்டு ராஸ் கண்டுபிடிச்சது 1897-ல். அதுவரைக்கும் அது யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச மருந்து ஒண்ணே ஒண்ணு, ஆண்டிஸ் மலைக்காட்டுல மட்டும் வளர்ற அந்தக் கசப்புப் பட்டை. விலையோ யானை விலை. மரத்தை வெட்டிப் பட்டை உரிக்கிறதால காடும் குறைஞ்சிட்டே வந்தது. செடியையே எடுத்துட்டு வந்து இந்திய மலைகளில் வளர்க்கலாம்னு மார்க்கம் 1859-ல் யோசனை சொன்னார். நீயே போய்ட்டு வான்னு அரசு அனுப்பிடுச்சு. அவர் தாவரவியல் படிச்சவர் இல்ல. மொழி தெரியும், வழி தெரியும், அவ்வளவுதான்.

1860-ன் தொடக்கத்தில் பெரு போய் இறங்கினார். முதல்ல பாலைவனம், அப்புறம் அரெகிப்பா நகரம், அப்புறம் மேட்டுநிலம். டிடிகாக்கா ஏரிக்கரையே கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரம். ஊட்டி தொட்டபெட்டா சிகரத்தை விட ஆயிரம் மீட்டருக்கு மேல கூடுதல். அங்கே மூச்சு வாங்கும், ராத்திரி உறைபனி. அந்தக் குளிரைத் தாண்டி மறுபக்கம் இறங்கினா, மேகமும் மழையும் ஓயாத தம்போபட்டா பள்ளத்தாக்குக் காடு. பாதை கிடையாது, செடியை வெட்டி வெட்டித்தான் போகணும். கூட ஜான் வெயர்ங்கிற தோட்டக்காரர். ஆனா எந்த மரம் நல்ல பட்டை, எது போலின்னு கண்ணால பார்த்துச் சொன்னது பட்டை உரிக்கிற உள்ளூர் ஆட்கள்தான். அவங்க இல்லன்னா இந்தப் பயணமே இல்ல.

ஏறக்குறைய 500 செடிகள் சேர்ந்தபோது சிக்கல் வந்தது. தங்கள் காட்டுச் செல்வத்தை வெளிநாட்டுக்காரன் தூக்கிட்டுப் போறதை உள்ளூர் அதிகாரிகள் எதிர்த்தாங்க. தடுக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. மார்க்கம் ஆள் நடமாட்டம் இல்லாத மலைப்பாதையில் செடிகளைக் கோவேறு கழுதைகள் மேல ஏத்திக்கிட்டுத் துறைமுகம் வந்து சேர்ந்தார்.

இனி நம்ம துறைக்கான பகுதி. செடிகள் பயணம் செஞ்சது வார்டு பெட்டியில். கண்ணாடி போட்டு இறுக்கி மூடின மரப்பெட்டி. மண்ணிலிருந்து ஆவியாகும் நீர் கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து மறுபடி மண்ணிலேயே சொட்டும். மாசக்கணக்கில் தண்ணி ஊத்த வேண்டாம், உப்புக்காத்தும் உள்ளே வராது. அருமையான வடிவமைப்பு, ஆனா வெப்பத்துக்கு அதுல வழி இல்ல. பசிபிக் கடல் வழியா நேரா இந்தியாவுக்கு ஒரு கப்பல் கேட்டார் மார்க்கம், கிடைக்கல. பனாமா, இங்கிலாந்து, எகிப்துன்னு உலகத்தையே சுத்தி வந்தாங்க. சூயஸ் கால்வாய் அப்போ வெட்டி முடியல. செங்கடல் வெக்கையில் பெட்டிக்குள்ள செடிகள் வெந்தன. அக்டோபரில் ஊட்டி வந்து சேர்ந்தவையும் கொஞ்ச நாளில் கருகிப்போயின.

அப்போ நீலகிரியில வளர்ந்தது யார் கொண்டு வந்தது? அதே திட்டத்தின் கீழ் ஈக்வடாரில் வேலை செஞ்ச ரிச்சர்ட் ஸ்புரூஸ் அனுப்பியது. உடம்பு பாதி முடங்கிப்போன நிலையிலும் சிம்பராசோ மலைச்சரிவுக் காட்டிலிருந்து ஒரு லட்சம் விதையும் 600-க்கு மேல செடிகளும் சேர்த்தார். ராபர்ட் கிராஸ் அந்தச் செடிகளோடு இந்தியா வரைக்கும் வந்தார். ஊட்டித் தோட்டத்தின் மெக்ஐவர் அதைப் பெருக்கினார். நடுவட்டத்தில் தோட்டம் உருவாச்சு. கைதிகளை வெச்சு வேலை வாங்கினாங்க. அங்கேயே கொய்னா ஆலையும் வந்தது. ஆனா பேர் மார்க்கத்துக்கே நிலைச்சது. ஒண்ணு மட்டும் சொல்லணும்: வறுமையில் கிடந்த ஸ்புரூஸுக்கு ஓய்வூதியம் வாங்கித் தர அலைஞ்சவரும் மார்க்கம்தான்.

இதைவிட வலிக்கிற கதை ஒண்ணு இருக்கு. மானுவேல் இன்க்ரா மாமானி என்கிற பழங்குடி மனிதர் பொலிவியக் காட்டில் மிகச் சிறந்த வகை விதையைத் தேடி எடுத்தார். 1865-ல் அது டச்சுக்காரர் கைக்குப் போய், ஜாவா தீவு உலகக் கொய்னா சந்தையையே பிடிச்சது. மாமானி மறுபடி விதை சேர்த்தபோது பிடிபட்டு, அடிபட்டுச் செத்தார்.

மார்க்கம் பிறகு லண்டன் புவியியல் சங்கத் தலைவரானார். ஸ்காட்டை அண்டார்டிகாவுக்கு அனுப்பி வெச்சவரும் இவரே. 1916 ஜனவரியில் ஒரு ராத்திரி, மின்விளக்கு இருந்தும் பழைய கப்பல் பழக்கத்தில் தொங்குபடுக்கையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிச்சிட்டிருந்தார். படுக்கை தீப்பிடிச்சு, மறுநாள் இறந்தார்.

இப்போ உங்ககிட்ட ஒரு கேள்வி. 1995-ல் நம்ம மஞ்சளுக்கு, காயம் ஆற்றும் குணத்துக்காக, அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தப்போ நமக்கு எவ்வளவு கோபம் வந்தது? வழக்காடி 1997-ல் ரத்து செய்ய வெச்சோம். பெரு நாட்டின் தேசியச் சின்னத்தைப் பாருங்க, அதில் ஒரு சிங்கோனா மரம் நிற்கும். அவங்களுக்கும் அதே கோபம்தானே இருந்திருக்கும்? மறுபக்கம், அந்தக் கசப்பு மருந்து நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. ரெண்டுமே உண்மை. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை மறைக்க முடியாது.

அடுத்த தடவை சிதம்பரம் கடைவீதியில கடலை வாங்குறப்போ இதை யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு நாம செய்யப்போற பிராஜெக்ட்லயும் மரத்தைக் காட்டிக் கொடுத்த உள்ளூர்க்காரர் ஒருத்தர் இருப்பார். அறிக்கையில அவர் பேரையும் எழுதுவோமா?