அறிஞர் அரிஸ்டாட்டில்

தாம் கண்ட உண்மைகளால் உலகிற்குப் பயன்பட்ட பேரறிஞர் பலர். தாம் செய்த பிழைகளாலும் பயன்பட்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில். இக்கால விஞ்ஞானம் இவரை மறுத்தே பிறந்தது என்பர் ஒருசாரார். இவர் வழிநின்றே வளர்ந்தது என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் எங்ஙனம் ஒருங்கே பொருந்தும் என்பதை அவர்தம் வாழ்க்கை வரலாற்றின் வாயிலாக ஆராய்ந்து காண்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க நாட்டின் வடபால், ஈஜியன் கடலையடுத்த ஸ்டகிரா என்னும் சிற்றூரில் கி. மு. 384-ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். தந்தையார் நிக்கோமாக்கஸ் என்பார், மாசிடோனிய மன்னனாகிய அமிந்தஸ் என்பவனுக்கு மருத்துவராயிருந்தவர். உடற்குறிகளை உற்றுநோக்கி நோயின் காரணத்தைத் துணிவது மருத்துவர் தொழில். அத்தகைய குடியிற் பிறந்தமையே, எப்பொருளையும் கண்ணாற் கண்டு அதன் காரணத்தை நாடும் இயல்பு இவர்பால் வேரூன்றுதற்கு ஏதுவாயிருந்திருக்கலாம். இளமையிலேயே தந்தையை இழந்த இவர், தமது 17-ஆம் வயதில் ஏதென்ஸ் மாநகர் புகுந்து, ஆங்குப் பிளேட்டோ நடாத்தி வந்த கல்விக் கழகத்திற் சேர்ந்தார்.

அக்கழகத்தில் மாணாக்கராகவும் பின்னர் ஆசிரியராகவும் இவர் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். கட்புலனாகும் பொருள்கள் யாவும் நிலையற்ற நிழல்களே என்பதும், அவற்றின் மெய்யுருவங்கள் அறிவினால் மட்டுமே உணரப்படுவன என்பதும் பிளேட்டோவின் கொள்கை. அரிஸ்டாட்டிலோ, பொருளின் உருவம் அப்பொருளினிடத்தேயே உளது என்றும், ஆதலின் அதனை அறிய விரும்புவோன் அப்பொருளையே நோக்குதல் வேண்டும் என்றும் கொண்டார். தம் நல்லாசிரியரிடத்து இவர் கொண்ட அன்பு குறைந்திலது. எனினும், நண்பரும் உண்மையும் ஒருங்கே அன்பிற்கு உரியராயினும், உண்மையை முற்படப் போற்றுதலே கடன் எனத் தமது ஒழுக்க நூலில் இவர் வரைந்து வைத்தார். பின்வந்தோர் இவரிடத்து எங்ஙனம் ஒழுகுதல் வேண்டும் என்பதற்கு அதுவே சட்டமாயிற்று.

கி. மு. 347-இல் பிளேட்டோ உயிர்நீத்தபின், அரிஸ்டாட்டில் ஏதென்ஸை விட்டுச் சின்ன ஆசியாவிலுள்ள அஸ்ஸோஸ் என்னும் ஊரை அடைந்தார். அந்நிலத்தை ஆண்ட ஹெர்மியாஸ் இவர்தம் நண்பன். அவனுக்கு உறவினளாகிய பிதியாஸ் என்னும் நங்கையை இவர் மணந்தார். அதன்பின், அண்மையிலுள்ள லெஸ்பாஸ் தீவிற்குத் தம் மாணாக்கரும் தோழருமாகிய தியோபிராஸ்டஸ் என்பாருடன் சென்று தங்கினார். அத்தீவில் பிர்ரா என்னும் இடத்தே கடல் உள்நுழைந்து ஓர் உப்பங்கழிபோல் அமைந்துளது. மேதகு தத்துவ ஞானியென ஏதென்ஸ் நகரிற் பெயர்பெற்ற இவர், அக்கழியின் கரையில் மீன்களையும் நண்டுகளையும் கணவாய்களையும் ஆராய்ந்தும், செம்படவர் கூறுவனவற்றைக் கேட்டும் காலங்கழித்தார். இழிந்தன என உலகோர் அருவருக்கும் சிற்றுயிர்களினிடத்தும் வியத்தற்குரியது ஒன்று உண்டென்பது இவர் துணிபு.

இங்ஙனம் ஆராய்ந்து இவர் இயற்றிய நூல்களில் 500-க்கு மேற்பட்ட உயிர்வகைகள் பேசப்படுகின்றன. கோழி அடைகாக்கும் முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்து, கரு வளரும் முறையை நோக்கி, முதற்கண் குருதிப்புள்ளிபோல் துடிப்பது நெஞ்சப்பையே என எழுதினார். ஒருவகைச் சுறாமீனின் குட்டி, பாலூட்டும் விலங்கின் குட்டியைப்போலத் தாய்வயிற்றில் கொடியாற் பிணைக்கப்பட்டிருக்கும் என்றார். இதனை நெடுங்காலம் பலர் நம்பவில்லை. 1842-இல் ஜெர்மானிய அறிஞர் யோஹான்னஸ் மியூல்லர் அம்மீனை அறுத்தாராய்ந்து, அரிஸ்டாட்டில் கூறியது மெய்யேயென நிறுவினார். கிரேக்க நாட்டு ஆறொன்றில் வாழும் கெளுத்தி போன்ற மீனின் ஆண், முட்டைகளைக் காவல்காக்கும் என இவர் எழுதியதும் அங்ஙனமே பின்னர் உறுதிப்பட்டது. அம்மீன் இன்றும் விஞ்ஞான நூல்களில் இவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

கி. மு. 343-இல் மாசிடோனிய மன்னன் பிலிப், தன் மகன் அலெக்சாந்தருக்குக் கல்வி கற்பிக்குமாறு இவரை அழைத்தான். அவ்வரசிளங்குமரன் அரசெய்திய பின்னர், கி. மு. 335-இல் இவர் ஏதென்ஸிற்கு மீண்டு, லைசியம் என்னும் சோலையிற் கழகம் ஒன்று நிறுவினார். அளவை நூல், வான நூல், உயிர் நூல், அரசியல், ஒழுக்கம், கவிதை ஆகிய பல துறைகளும் ஆங்கு ஆராயப்பட்டன. இன்று நமக்குக் கிடைத்துள்ளவை பெரும்பாலும் அவர் கற்பித்தற்பொருட்டு எழுதிய குறிப்புக்களே. சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் வளைவாகத் தோன்றலானும், தென்றிசையும் வடதிசையும் செல்வோர்க்கு வெவ்வேறு விண்மீன்கள் புலப்படலானும், பூமி உருண்டை வடிவினது என இவர் நிறுவியது, கண்டதினின்றும் காணாததை உய்த்துணரும் முறைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

கி. மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்ததும், ஏதென்ஸில் மாசிடோனியர்பால் பகைமை மூண்டது. அரிஸ்டாட்டில்மீது தெய்வ நிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டது. கி. மு. 399-இல் சாக்ரட்டீஸுக்கு நஞ்சளித்த நகரம் அதுவாதலின், இவர் கால்கிஸ் என்னும் ஊர்க்கு நீங்கி, அடுத்த ஆண்டில் தமது 62-ஆம் வயதில் நோயுற்று மறைந்தார். அவர் எழுதிவைத்த மரணசாசனம் இன்றும் உளது. முன்னரே இறந்த தம் மனைவியின் எலும்புகளைத் தம் கல்லறையிலேயே வைத்தல் வேண்டும் என்றும், தமக்கு ஊழியஞ்செய்த அடிமைச் சிறுவர் எவரையும் விற்றலாகாது என்றும் அதிற் கண்டிருக்கின்றது.

இனி, இவர் பிழைகளையும் மறைத்தலாகாது. பூமி அசையாது அண்டத்தின் நடுவே நிற்கின்றது என்றார். கனத்த பொருள் இலேசான பொருளினும் விரைந்து வீழும் என்றார். மூளை குருதியின் வெப்பத்தைத் தணிக்கும் உறுப்பே என்றார். ஆடவரினும் மகளிர்க்குப் பற்கள் குறைவு என்றார். எண்ணிப் பார்த்திருப்பின் இக்கடைசிப் பிழை நேர்ந்திராது. இவையனைத்தினும் கொடியது, மாந்தருட் சிலர் இயற்கையிலேயே அடிமைகளாவர் என இவர் அரசியல் நூலிற் கூறியதாகும்.

அரிஸ்டாட்டிலின் கொள்கைகளை மறுத்தல் அண்மைக்காலத்து நிகழ்ச்சியன்று. ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் யோவான் பிலோப்பொனஸ், நிறை மிக வேறுபட்ட இரு பொருள்களை ஒருங்கே வீழ்த்தினும் அவை நிலஞ்சேரும் காலத்தில் வேறுபாடு மிகச் சிறிதே என எழுதினார். பின்னர் அரிஸ்டாட்டிலின் நூல்கள் அராபியரால் போற்றப்பட்டன. இபின் ருஷ்து போன்றார் அவற்றிற்குப் பேருரைகள் வகுத்தனர். மேல்நாட்டில், 1210-இல் பாரிஸ் நகரில் இவர்தம் இயற்கை நூல்களைக் கற்பித்தல் திருச்சபையாரால் தடைசெய்யப்பட்டது. 1255-இலோ அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அவையே கட்டாயப் பாடமாயின. தூய தாமஸ் அக்குவினாஸ் என்பார், இவர் தத்துவத்தைக் கிறிஸ்தவ வேதசாஸ்திரத்தோடு இசைவித்துப் பெருநூல்கள் இயற்றினார். இங்ஙனம் ஐயுறப்பட்டவர், காலப்போக்கில் ஐயுறலாகாதவர் ஆயினார்.

அதனால் விளைந்த தீமை சிறிதன்று. 1550-இல் ஸ்பெயின் நாட்டு வல்லடோலிட் நகரில், அமெரிக்கப் பழங்குடிகளை அடிமைப்படுத்தல் முறையோ என்னும் வழக்கு எழுந்தபோது, செப்புல்வேடா என்பான் அரிஸ்டாட்டிலின் கூற்றையே சான்றாகக் காட்டினான். அம்மக்களும் பகுத்தறிவுடைய மாந்தரே என எதிர்த்து வாதித்தவர் லாஸ் காசாஸ் என்னும் கிறிஸ்தவத் துறவி. அவர் அம்மக்களிடையே நெடுங்காலம் வாழ்ந்து, அவர்தம் துன்பத்தைக் கண்ணாற் கண்டவர். ஏட்டிற் கண்டதற்கும் நாட்டிற் கண்டதற்கும் நிகழ்ந்த வழக்கு அது.

இயற்கை நூலிலும் அவ்வழக்கே நிகழ்ந்தது. கனத்த கல்லோடு இலேசான கல்லைப் பிணைத்து வீழ்த்தின், இலேசான கல் கனத்த கல்லைப் பின்னிழுக்குமன்றோ. ஆயின் இரண்டும் சேர்ந்த நிறை கனத்த கல்லினும் மிகுதியாதலின் முன்னினும் விரைந்து வீழ வேண்டுமன்றோ எனக் கலிலியோ 1638-இல் வெளியான தமது நூலில் வினவி, பழங்கொள்கையின் முரண்பாட்டை வெளிப்படுத்தினார். 1971-இல் காற்றில்லாத சந்திரனில் ஒருவர் சுத்தியலையும் இறகையும் ஒருங்கே விடுத்தபோது, அவை ஒருங்கே வீழ்ந்ததை உலகம் கண்டது.

ஆயின், இவரை மறுத்தோர் யாவரும் இவர்க்குப் பகைவரோ? அன்று. தேனீக்களின் பிறப்பைப் பற்றி ஆராய்ந்த இடத்து, அவற்றைப் பற்றிய செய்திகள் இன்னும் போதிய அளவு அறியப்படவில்லை என்றும், அறியப்படுங்கால் கொள்கையினும் புலன்களாற் கண்டதையே நம்புதல் வேண்டும் என்றும் அரிஸ்டாட்டிலே எழுதிவைத்துள்ளார். அவர் அரசன் என்று அழைத்த தேனீயைப் பதினேழாம் நூற்றாண்டில் சுவாம்மெர்டாம் என்னும் டச்சு அறிஞர் அறுத்து நோக்கி, அதன் வயிற்றில் முட்டைப்பை இருத்தலைக் கண்டு, அது பெண்ணே எனத் தெளிந்தார். அரிஸ்டாட்டிலின் கூற்று வீழ்ந்தது. அவர் வகுத்த நெறி வென்றது. குருதியோட்டத்தைக் கண்ட ஹார்வி, அவரைப் பின்பற்றியே முட்டைகளை உடைத்துக் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். டார்வின், தாம் இறந்த ஆண்டாகிய 1882-இல் அவர் நூலொன்றின் மொழிபெயர்ப்பைக் கற்று, தாம் தெய்வமெனப் போற்றிய லின்னேயஸும் குவியேயும் அவர்முன் சிறு மாணாக்கரே என வியந்து கடிதம் வரைந்தார்.

ஆகவே, அரிஸ்டாட்டிலின் மொழிகளை மனப்பாடஞ் செய்தோர் அவர்தம் மாணாக்கராகார். அவர் நோக்கியவாறே தாமும் நோக்கி, வேண்டுழி அவரை மறுத்தோரே மாணாக்கராவர். ஆய்வுக்கூடத்தில் தாம் கண்ட அளவை விடுத்துப் புத்தகத்திலுள்ள அளவையே ஏட்டிற் பதியும் விஞ்ஞான மாணவரும், மூலத்தோடு ஒத்துநோக்காது உரையை மட்டும் நெட்டுருச் செய்யும் நம்மனோராகிய இலக்கிய மாணவரும், லெஸ்பாஸ் தீவின் கழிக்கரையில் மீனைக் கையிலேந்தி நின்ற அவ்வறிஞரைச் சிறிது நினைத்தல் நலமாகும். ஆசிரியரை வணங்குக, அவர் காட்டிய பொருளையும் நாமே கண்திறந்து காண்க. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரண்பட்டன அல்ல என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.