சிங்கக்குட்டி வளரவே கூடாதா? டிவி நிறுவனத்தோடு மல்லுக்கட்டிய 'ஆஸ்ட்ரோ பாய்' டெசுகாவின் கதை

ஒரு சிங்கக்குட்டி. அதன் அப்பாவை வேட்டைக்காரர்கள் கொன்றுவிடுகிறார்கள். குட்டி வளர்கிறது, காட்டுக்கு ராஜாவாகிறது, ஜோடி சேர்ந்து குட்டிகளும் போடுகிறது. கடைசியில் பனிமலையில் சிக்கிய ஒரு மனிதரைக் காப்பாற்ற தன் உயிரையே கொடுக்கிறது.

ஜப்பானியக் கலைஞர் ஒசாமு டெசுகா 1950-ல் எழுதி வரையத் தொடங்கிய காமிக்ஸ் கதை இது. பெயர் 'ஜங்கிள் எம்பரர்'. 1965-ல் இது கலர் டிவி தொடரானபோது, பணம் கொடுத்த அமெரிக்க நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. சிங்கக்குட்டி கடைசிவரை குட்டியாகவே இருக்க வேண்டும்.

கதை எழுதியவருக்கும் காசு போட்டவருக்கும் நடுவே நடந்த இந்த இழுபறிதான் டெசுகாவின் வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்தது. ஆனா அதில் ஒரு திருப்பமும் இருக்கிறது. ஒரு கட்டத்தில் அவரே முதலாளி நாற்காலியில் உட்கார வேண்டி வந்தது.

யார் இந்த டெசுகா?

1928 நவம்பர் 3-ம் தேதி ஒசாகா அருகே உள்ள டொயோனகாவில் பிறந்தவர். வளர்ந்தது தகராசுகா என்ற ஊரில். வீட்டில் அப்பா ஒரு சின்ன புரொஜெக்டர் வைத்திருந்தார். டிஸ்னி படங்கள் சிறுவனுக்கு அறிமுகமானது அப்படித்தான்.

இன்னொரு பைத்தியம், பூச்சிகள். வண்டு, பட்டாம்பூச்சி என எதைப் பார்த்தாலும் வரைந்து வைப்பார். ஒருவகை வண்டுக்கு ஜப்பானிய மொழியில் ஒசாமுஷி என்று பெயர். அதனால் தன் பெயரோடு பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார். அதுவே புனைபெயரானது.

இரண்டாம் உலகப்போரில் பள்ளிப் பையன்களையும் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். டெசுகாவும் போனார். 1945-ல் ஒசாகாவில் குண்டு மழை பொழிந்தபோது நூலிழையில் உயிர் தப்பினார். பிற்காலத்தில் அவர் கதைகளில் சாவும் போரும் திரும்பத் திரும்ப வந்ததற்கு அந்த நாட்கள் ஒரு காரணம்.

படித்தது என்னவோ டாக்டருக்கு. ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, டாக்டராகத் தொழில் செய்வதற்கான தேர்விலும் பாஸ் ஆனார். ஆனா அதற்குள் காமிக்ஸில் பேர் வாங்கிவிட்டார். 1947-ல் வந்த 'நியூ ட்ரெஷர் ஐலேண்ட்' லட்சக்கணக்கில் விற்றது. 1951-ல் ஆட்டம் என்ற ரோபோ சிறுவன் பிறந்தான். உலகம் அவனை 'ஆஸ்ட்ரோ பாய்' என்று அழைப்பது பின்னால் வந்த கதை.

முதல் மோதல்: குரங்கு சாகணுமா, பிழைக்கணுமா?

டெசுகாவின் கனவு அனிமேஷன். அதற்கான வாய்ப்பு டோயி ஸ்டுடியோ வழியாக வந்தது. குரங்கு வீரன் கோகுவை வைத்து அவர் வரைந்திருந்த காமிக்ஸை டோயி படமாக்கியது. 1960-ல் வெளியான 'சையூகி' என்ற அந்தப் படத்தில் இயக்குநர்கள் பட்டியலில் டெசுகா பெயரும் இருந்தது.

பெயர் இருந்தது, கதையில் கடைசி வார்த்தை அவருக்கு இல்லை. குரங்கு வீரனின் காதலி இறுதியில் இறந்துபோவதாக முடிக்க நினைத்தார் டெசுகா. குழந்தைகள் பார்க்கும் படத்தில் சோக முடிவு வேண்டாம் என்றது ஸ்டுடியோ. படத்தில் காதலி பிழைத்துக்கொண்டாள்.

பெரிய ஸ்டுடியோவில் ஒரு கதை நூறு கைகள் மாறித்தான் திரைக்கு வரும். காமிக்ஸில் எழுதுவது, வரைவது, முடிவு செய்வது எல்லாம் ஒரே ஆள். அந்தச் சுதந்திரத்துக்குப் பழகிய டெசுகாவுக்கு இது ஒத்துவரவில்லை. அடுத்து என்ன செய்தார்? 1961-ல் சொந்தமாகவே ஒரு ஸ்டுடியோ தொடங்கினார். அதுதான் 'முஷி புரொடக்‌ஷன்'. முஷி என்றால் பூச்சி.

வாரம் ஒரு எபிசோட் எப்படிச் சாத்தியமானது?

1963 ஜனவரி 1-ம் தேதி ஃபுஜி டிவியில் ஆட்டம் பறந்து வந்தான். வாரம் ஒரு எபிசோட், அரை மணி நேரம். ஜப்பானில் இப்படி ஒரு தொடர் அனிமேஷன் அதற்கு முன் இல்லை. அது முடியாத காரியம் என்றே துறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். டிஸ்னி பாணியில் ஒரு விநாடிக்கு 12 முதல் 24 படங்கள் வரைய வேண்டும். டெசுகா குழு ஒரே படத்தை மூன்று ஃபிரேமுக்கு ஓட்டியது. அதாவது விநாடிக்கு 8 படம் போதும். பேசும்போது வாய் மட்டும் அசையும். பறக்கும் காட்சி, நடக்கும் காட்சி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த எபிசோடுகளில் திரும்பப் பயன்படுத்தினார்கள். அசைவு குறைவாக இருந்தாலும் கதை பலமாக இருந்தால் குழந்தைகள் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு பலித்தது. உச்சத்தில் ரேட்டிங் 40 சதவீதத்தைத் தாண்டியது.

ஆனா இன்னொரு கணக்கு இடித்தது. தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கே டெசுகா தொடரைக் கொடுத்தார். விலை குறைவாக இருந்தால் மற்றவர்கள் போட்டிக்கு வரமாட்டார்கள், நஷ்டத்தை காமிக்ஸ் வருமானத்திலும் பொம்மை, சாக்லேட் விளம்பர உரிமையிலும் ஈடுகட்டலாம் என்று நினைத்தார். நடந்தது வேற. மற்ற ஸ்டுடியோக்களும் களத்தில் குதித்தன. ஜப்பானில் அனிமேஷன் கலைஞர்களுக்குச் சம்பளம் குறைவாக இருப்பதற்கு அந்த விலைதான் ஆரம்பம் என்ற குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது. டெசுகா இறந்த பிறகு ஹயாவோ மியாசாகியே இதை வெளிப்படையாக எழுதினார். ஒரே ஆள் மீது பழி போடுவது சரியல்ல என்று மறுப்பவர்களும் உண்டு.

என்பிசி நுழைந்தது, கத்திரியும் நுழைந்தது

பணத் தட்டுப்பாட்டில் இருந்த முஷிக்கு, அமெரிக்காவின் என்பிசி குழுமம் கைகொடுத்தது. 1963-லேயே தொடரை வாங்கியது. ஆட்டம் 'ஆஸ்ட்ரோ பாய்' ஆனது அங்கேதான். ஃபிரெட் லேட் என்பவர் ஆங்கில வடிவத்தைத் தயாரித்தார். மொத்தம் 193 எபிசோடுகளில் 104 மட்டுமே ஆங்கிலத்துக்குப் போனது.

சில எபிசோடுகளை என்பிசி வேண்டாம் என்று திருப்பியது. ஒன்றில், தேவாலயத்தில் உள்ள இயேசு சிலையின் கண்ணில் ஒரு ரகசியத் தகவல் கீறப்பட்டிருக்கும். ஜப்பானில் அது ஒரு துப்பறியும் கதை, அவ்வளவுதான். அமெரிக்காவில் மத உணர்வைத் தொடும் விஷயம்.

இதனால் இன்னொரு மாற்றமும் வந்தது. விற்க வேண்டுமானால் அங்கே பிடிக்கிற மாதிரி எடுக்க வேண்டும். காமிக்ஸில் ஆட்டம், மனிதர்களால் ஒதுக்கப்படும் ரோபோ. செத்துப்போன மகனுக்குப் பதிலாக ஒரு விஞ்ஞானி அவனைச் செய்கிறார். வளரவில்லை என்பதற்காகவே சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். அந்த வலிதான் கதையின் உயிர். டிவியிலோ, வாராவாரம் கெட்டவனை அடித்து வீழ்த்தும் ஹீரோவாகவே ஆட்டம் அதிகம் தெரிந்தான். இது டெசுகாவுக்கே உறுத்தலாக இருந்தது.

1966 டிசம்பர் 31-ம் தேதி கடைசி எபிசோடில், பூமியைக் காப்பாற்ற ஆட்டம் சூரியனுக்குள் பாய்ந்தான். 'சையூகி'யில் கிடைக்காத சோக முடிவு இங்கே கிடைத்தது. ஜப்பான் குழந்தைகள் அழுதார்கள்.

குட்டி ஏன் வளரக்கூடாது?

இப்போ சிங்கத்துக்கு வருவோம். 'ஜங்கிள் எம்பரர்' தொடரை கலரில் எடுக்கப் பெரும் பணம் வேண்டும். என்பிசி பணத்தை நம்பித்தான் வேலை தொடங்கியது. பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன.

ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதையாக முடிய வேண்டும். வன்முறை குறைவாக இருக்க வேண்டும். கறுப்பின மக்களை வில்லன்களாகக் காட்டக்கூடாது. முக்கியமாக, குட்டி லியோ பெரியவனாகக் கூடாது.

இதில் எல்லாமே அநியாயமான கோரிக்கை இல்லை. கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆப்பிரிக்காவைக் காட்டுவதில் கவனம் தேவைதான். தனிக்கதை என்பதற்கு வியாபாரக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் உள்ள ஸ்டேஷன்கள் தொடரை வாங்கி, எந்த வரிசையிலும் போடுவார்கள். திங்கட்கிழமை பெரிய சிங்கம், செவ்வாய்க்கிழமை குட்டிச் சிங்கம் என்றால் பார்ப்பவர்களுக்குக் குழப்பம்.

ஆனா டெசுகா எழுதியது ஒரு வாழ்க்கை வரலாறு. பிறப்பு, வளர்ச்சி, பொறுப்பு, சாவு. வளர்ச்சியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அழகான குட்டி மட்டும்தான்.

52 எபிசோடுகள் அந்த நிபந்தனைப்படியே வந்தன. அமெரிக்காவில் 'கிம்பா தி ஒயிட் லயன்' என்ற பெயரில் ஓடியது. முதலில் யோசித்த பெயர் சிம்பா. சுவாஹிலி மொழியில் சிங்கம் என்று அர்த்தம். பொதுச் சொல்லுக்கு வணிக உரிமை வாங்க முடியாது என்பதால் கிம்பா ஆனது.

டெசுகா விடவில்லை. முதல் தொடர் முடிந்த கையோடு, 1966 அக்டோபரில் அடுத்த தொடரைத் தொடங்கினார். இந்த முறை என்பிசி நிபந்தனை இல்லை. லியோ வளர்ந்தான், ராஜாவானான், அப்பாவும் ஆனான். 26 எபிசோடுகள். என்பிசி வாங்கவில்லை. ஆங்கிலத்தில் அது வருவதற்கு 1980-கள் ஆனது.

சரி, டெசுகா எப்படிப்பட்ட முதலாளி?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. வாராவாரம் ஒரு எபிசோட் என்றால் காமிக்ஸ் கதைகள் சீக்கிரமே தீர்ந்துபோகும். அதனால் வெளியிலிருந்து எழுத்தாளர்கள் வந்தார்கள். மசாகி சுஜி, அரிட்சுனே டொயோட்டா போன்றவர்கள் ஆட்டத்துக்குப் புதுக்கதைகள் எழுதினார்கள். அந்தக் கதைகளில் கடைசி வார்த்தை டெசுகாவுடையது.

இன்னொரு பக்கம் அவர் காமிக்ஸ் வேலையும் நிற்கவில்லை. பத்திரிகை ஆட்கள் வீட்டு வாசலில் காத்திருப்பார்கள், ஸ்டுடியோ ஆட்கள் அவர் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய ஸ்டோரிபோர்டுக்குக் காத்திருப்பார்கள். 'ஜங்கிள் எம்பரர்' தொடரில் செலவும் நேரமும் கைமீறாமல் இருக்க, பொறுப்பு எயிச்சி யமமோட்டோவிடம் போனது. டெசுகாவின் தலையீட்டைக் குறைப்பதும் அந்த ஏற்பாட்டின் நோக்கங்களில் ஒன்று. சொந்தக் கதை, சொந்த ஸ்டுடியோ. அங்கேயும் அவருக்கு ஒரு கோடு போட வேண்டியிருந்தது.

1965-ல் இன்னொரு கசப்பு. 'டபிள்யூ 3' என்ற புதுத் தொடருக்கான யோசனை வெளியே கசிந்துவிட்டதாக முஷியில் சந்தேகம் கிளம்பியது. போட்டித் தொடர் ஒன்றிலும் அதே மாதிரி ஒரு அணில் பாத்திரம் வந்ததுதான் காரணம். சந்தேகப் பார்வை எழுத்தாளர் டொயோட்டா மீது விழுந்தது. அவர் மறுத்தார், முஷியை விட்டு வெளியேறினார். டோயியில் எழுத்தாளர் பக்கம் நின்ற டெசுகா, இப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்தார்.

1967-ல் கோகு கதை மறுபடியும் வந்தது, இந்த முறை முஷியின் தயாரிப்பாக. இயக்குநர் கிசாபுரோ சுகி, டெசுகா காமிக்ஸிலிருந்து வெகுதூரம் விலகி அதிரடி காமெடியாக எடுத்தார். பெற்றோர்களிடமிருந்து புகார் வந்தது, ரேட்டிங் இறங்கியது, பாதியில் பாணியை மாற்றினார்கள். எழுதியவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர், முடிவு சொல்வது பார்வையாளரும் சேனலும். டோயியில் நடந்த அதே கதைதான்.

திவாலும் மறுபிறப்பும்

1968-ல் 'டெசுகா புரொடக்‌ஷன்ஸ்' என்று தனியாக ஒரு நிறுவனம் தொடங்கினார். 1971-ல் முஷியின் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1973-ல் முஷி திவாலானது. காமிக்ஸிலும் இனி டெசுகா அவ்வளவுதான் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது.

அதே ஆண்டு நவம்பரில் ஒரு வாரப் பத்திரிகையில் 'பிளாக் ஜாக்' தொடங்கியது. லைசென்ஸ் இல்லாத ஒரு சர்ஜன் கதை. சில வாரங்களுக்கு என்று ஆரம்பித்தது, ஹிட் ஆகி வருடக்கணக்கில் ஓடியது. டாக்டர் படிப்பு அப்படிக் கைகொடுத்தது. அதே காலத்தில்தான் கௌதம புத்தரின் வாழ்க்கையை 'புத்தா' என்ற பெயரில் பல பாகங்களாக வரைந்தார்.

1989 பிப்ரவரி 9-ம் தேதி, வயிற்றுப் புற்றுநோயால் டோக்கியோவில் இறந்தார். வயது 60. கடைசி நாட்களில் மருத்துவமனைப் படுக்கையிலும் வரைந்துகொண்டுதான் இருந்தார். வரைந்து முடித்த பக்கங்கள் சுமார் 1.5 லட்சம்.

அப்புறம் என்ன ஆனது?

முஷி உடைந்தபோது அங்கே தொழில் கற்றவர்கள் சிதறிப்போகவில்லை. மேட்ஹவுஸ், சன்ரைஸ் என்ற இரண்டு பெரிய ஸ்டுடியோக்களை உருவாக்கியது முஷியிலிருந்து வந்தவர்கள்தான். ஆட்டம் தொடரில் வேலை பழகிய யோஷியுகி டொமினோதான் 1979-ல் 'கண்டம்' தொடரைக் கொடுத்தார். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் மொபைலில் பார்க்கும் அனிமே பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

1994-ல் டிஸ்னியின் 'தி லயன் கிங்' வந்தது. அப்பாவை இழந்த குட்டி, பெயர் சிம்பா. ஜப்பானில் நூற்றுக்கணக்கான காமிக்ஸ் கலைஞர்களும் ரசிகர்களும் டிஸ்னிக்குக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினார்கள். கதை தங்களுடையதே என்றது டிஸ்னி. டெசுகா நிறுவனம் வழக்குப் போடவில்லை.

யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்ற விவாதம் ஓயவில்லை. ஆனா ஒரு விஷயம் கண்ணெதிரே தெரிந்தது. குட்டி வளர்ந்தால் பார்வையாளர்கள் குழம்பிவிடுவார்கள் என்று 1965-ல் பயந்தார்கள். அதே அமெரிக்காவில் 1994-ல் ஒரு குட்டி வளர்ந்து, ராஜாவாகி, தன் குட்டியையும் தூக்கிக் காட்டியது. தியேட்டர்கள் நிரம்பின. டெசுகா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.