குளத்துத் தண்ணீரும் 32-வது பிரிவும்



போன மாதம் நம் கிளையின் ஞாயிறு வகுப்பில் ஒரு தலைவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொன்னார்கள். நான் டாக்டர் அம்பேத்கரைத் தேர்ந்தெடுத்தேன். ஓர் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. கடைசியில் நம் சமயத்தை விட்டே போனவராச்சே, அவரைப் பற்றி நம்ம பிள்ளைங்களுக்கு என்ன சொல்லப் போறே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடித்தான் நிறையப் படித்தேன். வகுப்பில் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

பீமராவ் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவ முகாமில் பிறந்தார். அப்பா ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். கபீரை வணங்கும் குடும்பம். பிள்ளைகள் ராமாயணமும் மகாபாரதமும் படிக்க வேண்டும் என்பது அப்பாவின் கண்டிப்பு. பக்திக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் அவர்கள் மகார் சாதி. அதனால் பள்ளியில் பையன் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. தாகம் எடுத்தாலும் குழாயைத் தொடக்கூடாது. பியூன் வந்து ஊற்றினால் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தண்ணீரும் இல்லை.

இதைப் படித்தபோது என் பாட்டி ஞாபகம் வந்தது. அவர் சிறுமியாக இருந்த தோட்டத்தில் சில குடும்பங்கள் கோயில் வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்களாம். யாரும் விரட்டவில்லை, அவங்களாவே நின்னுக்குவாங்க என்று பாட்டி சாதாரணமாகச் சொல்வார். அவங்களாவே எப்படி நிற்பார்கள்? அந்த வயதில் நானும் கேட்கவில்லை.

பீமராவ் படித்தார். படிப்பு என்றால் சும்மா இல்ல. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், பிறகு லண்டன். 1917-ல் பரோடா அரசில் வேலை பார்க்கத் திரும்பினார். ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. சாதியை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு ஆட்கள் வந்து வெளியே போகச் சொன்னார்கள். அத்தனை படித்த மனிதர் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார். படித்தால் எல்லாம் மாறிவிடும் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோமே, அவருக்கு மாறவில்லை.

இனி வருவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது.

பம்பாய் மாகாணத்தில் மகாட் என்று ஓர் ஊர். அங்கே சவதார் குளம் என்ற பொதுக்குளம். பொது நீர்நிலைகளை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று 1923-லேயே மாகாணச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் தாழ்த்தப்பட்டவர்கள் யாரும் அதில் ஒரு கை தண்ணீர் எடுக்க முடியவில்லை. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, தண்ணீர் குளத்தில் இருந்தது, இடையில் பயம் இருந்தது.

1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். அடிதடி நடந்தது. தீட்டுப் பட்டுவிட்டது என்று குளத்துக்குச் சுத்திச் சடங்கு செய்தார்கள். நகராட்சி பழைய தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது.

டிசம்பரில் மறுபடியும் மக்கள் கூடினார்கள். மனுஸ்மிருதியை எரித்தது அந்தக் கூட்டத்தில்தான். அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சகஸ்ரபுத்தே என்ற பிராமண நண்பர். ஆனால் குளத்துக்குப் போகக்கூடாது என்று எதிர்த்தரப்பு அதற்குள் நீதிமன்றத் தடை வாங்கியிருந்தது. போயே தீருவோம் என்று கூட்டம் துடித்தது. அம்பேத்கர் அவர்களை அடக்கினார். தடையை மதித்து வழக்கை நடத்தினார். எத்தனை வருஷம் தெரியுமா? சுமார் பத்து வருஷம்! 1937-ல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு வாய்த் தண்ணீருக்கு.

இப்போது 1947-க்கு வருவோம். ஆகஸ்ட் 29-ஆம் நாள் அரசமைப்பு வரைவுக் குழு அமைந்தது. ஏழு பேர். தலைவர் அம்பேத்கர். நம் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கோபாலசாமி அய்யங்கார், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் இருந்தார்கள். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், கடைசியில் சுமை முழுக்க அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி சபையிலேயே சொன்னார். சர்க்கரை நோயோடு அவர் அந்த வேலையைச் செய்தார்.

அந்தச் சாசனம் 1950 ஜனவரி 26-ல் நடப்புக்கு வந்தது. அதன் மூன்றாம் பாகம் அடிப்படை உரிமைகள். 14-வது பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. 15-வது பிரிவு சாதி, மதம், பால் பார்த்து ஒதுக்கக்கூடாது என்கிறது. கிணறு, குளம், கடை, சாலை எல்லாம் அதில் வருகிறது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 19 பேச்சுரிமை, 21 உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பு, 25 சமய உரிமை.

இவற்றில் எது முக்கியம்? அம்பேத்கர் கை காட்டியது 32-வது பிரிவை. அதுவும் ஓர் அடிப்படை உரிமைதான். மற்ற உரிமைகள் பறிபோனால் சாதாரணக் குடிமகன் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்கிறது, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் சாசனத்தில் உயிரே இல்லை என்ற பொருளில் 1948-ல் அவர் சபையில் பேசினார். ஏட்டில் மட்டும் இருந்த உரிமையை மகாட்டில் கண்ணால் பார்த்தவர் அல்லவா!

பிறகு இந்துப் பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது முடக்கப்பட்டதால் 1951-ல் மந்திரி பதவியை உதறினார். 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ல் காலமானார்.

அண்ணன் கேட்டாரே, அதற்கு என் பதில் இதுதான். 1930-ல் நாசிக்கில் காலாராம் கோயிலுக்குள் போகப் போராட்டம் நடத்தியவர் அவர். ஐந்து வருஷம் காத்திருந்தும் கதவு திறக்கவில்லை. அவர் ஏன் போனார் என்று கேட்கும் முன், நாம் ஏன் திறக்கவில்லை என்று கேட்க வேண்டாமா? வகுப்பில் இதைச் சொன்னேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கடைசி வரை உட்கார்ந்து கேட்டார்.

நம் மலேசியச் சாசனத்திலும் இரண்டாம் பாகம், 5 முதல் 13 வரை, அடிப்படைச் சுதந்திரங்கள். 8-வது பிரிவு சமத்துவம், 11-வது பிரிவு சமய உரிமை. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? எஸ்பிஎம் வரலாற்றுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அடுத்த மாதம் முதல் எங்கள் கிளையில் வகுப்புக்கு ஒரு பிரிவு என்று படிக்கப் போகிறோம். ஒருவர் மலாயில் வாசிப்பார், இன்னொருவர் தமிழில் விளக்குவார். உங்கள் கிளையிலும் ஆரம்பியுங்கள்.

கூடவே இன்னொன்று. அடுத்த திருவிழாவில் நம் கோயில் வாசலில் யாராவது தயங்கி நின்றால், அவங்களாவே நிக்கிறாங்க என்று விட்டுவிடாதீர்கள். போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வாருங்கள்.