இருமுறை விடைபெற்றவர்

(10-ஆம் வகுப்பு மாணவி)

இராமநாதபுரம் மாவட்டத்திலே ஓரியூர் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் மணல் சிவந்திருக்கும். திருயாத்திரை செல்வோர் அம்மணலில் ஒரு பிடியைப் பயபக்தியுடன் வீட்டுக்கு எடுத்து வருவர். எங்கோ ஐரோப்பாவில், அரண்மனையில் வளர்ந்த ஒருவர் அந்த மண்ணில் வந்து இரத்தம் சிந்தியது ஏன்? அவரே புனித அருளானந்தர். பெற்றோர் இட்ட பெயர் ஜான் தெ பிரிட்டோ.

போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் அவர் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம். தந்தையார் பிரேசிலில் உயர்பதவி வகித்தபோது இறந்தார். தாயின் அரவணைப்பில் வளர்ந்த பாலகன், இளவரசர் பேதுருவின் தோழனாக அரண்மனையில் சேர்ந்தான். பட்டாடை, குதிரை, விருந்து எதற்கும் குறைவில்லை.

சிறு வயதில் பிரிட்டோவைக் கடும் நோய் வாட்டியது. தாயார் புனித சவேரியாரிடம் கண்ணீருடன் ஒரு நேர்ச்சை செய்தார்: மகன் பிழைத்தால் ஓராண்டுக் காலம் இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பேன் என்பதே அது. மகன் பிழைத்தான். அரண்மனைப் பிள்ளைகள் நடுவே ஒருவன் மட்டும் கறுப்பு அங்கியோடு நடந்தான். ஓராண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றினார்கள். ஆனால் அதன்மீது அவன் கொண்ட ஆசையைக் கழற்ற யாராலும் முடியவில்லை.

1662 டிசம்பர் 17-ஆம் நாள் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 15. தோழியரே, இதை எழுதும் எனக்கும் அதே வயதுதான்! நம்மில் பலர் விடுதிக்கு வந்த முதல் வாரம் அழுத அழுகை சகோதரிகளுக்குத் தெரியும். அவரோ வீட்டை விட்டதோடு நிற்கவில்லை, சவேரியார் சென்ற இந்தியாவுக்கே போக வேண்டும் என்று கேட்டார். நேர்ச்சை செய்த அதே தாய் இப்போது தடுத்தார். பாப்பரசரின் தூதுவரிடமே சென்று, மகனை அனுப்பாதபடி செய்யுங்கள் என்று முறையிட்டார். அவரை நாம் குறை சொல்லலாமா? கணவனை இழந்தவர், சாவின் வாயிலிலிருந்து மீட்ட பிள்ளையைக் கடலுக்கு அப்பால் அனுப்ப எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? எனினும் மகனின் உறுதி தளரவில்லை. குருப்பட்டம் பெற்று, 1673-ஆம் ஆண்டு கப்பலேறிக் கோவாவை அடைந்தார்.

அங்கிருந்து மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்தார். இப்பகுதியில் 1606 முதல் ராபர்ட் தெ நொபிலி அடிகளார் பிராமண சந்நியாசியைப் போல் வாழ்ந்து மறைபணி ஆற்றியிருந்தார். பிரிட்டோ பண்டார சுவாமிகளின் கோலத்தைத் தேர்ந்துகொண்டார். உயர்ந்தவர் என்றும் தாழ்ந்தவர் என்றும் சாதி பிரித்து வைத்த எல்லாரிடமும் ஓரளவு பழக, அந்தக் கோலம் இடம் தந்தது. அருளானந்தர் என்று தமிழ்ப் பெயர் பூண்டார். காவியுடை, கையில் கோல், தரையில் படுக்கை. இறைச்சி, மீன், முட்டை, மது யாவும் விலக்கினார். சோறும் பருப்பும் காய்கறியுமே உணவு. நமக்கு இது அன்றாடச் சாப்பாடு. திராட்சை இரசமும் இறைச்சியும் உண்டு வளர்ந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! புது மொழி, புது உணவு, வெயில், நடை இவை அனைத்தையும் அவர் மனமுவந்து ஏற்றார்.

1686-ஆம் ஆண்டு மறவ நாட்டில் அவரும் உபதேசிமார் சிலரும் பிடிபட்டனர். அடித்தார்கள், தண்ணீரில் அமிழ்த்தினார்கள், சுடு பாறையில் கிடத்தினார்கள். கடைசியில் இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர் அவரை அழைத்து விசாரித்து, இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று ஆணையிட்டு விடுவித்தார்.

அடுத்த ஆண்டு மறைபரப்புத் தள அலுவலாக மேலதிகாரிகள் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். லிஸ்பனில் அவருக்குப் பெரும் வரவேற்பு. சிறுவயதுத் தோழர் பேதுரு இப்போது மன்னர். தம் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே தங்கிவிடுங்கள் என்று வற்புறுத்தினார். தங்கியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்கள்? 14 ஆண்டு உழைத்தாயிற்று. உடம்பில் தழும்புகள் இருந்தன. அரண்மனையில் இருந்துகொண்டே கடவுளுக்கும் ஊழியம் செய்யலாம். ஆனால் அவரோ லிஸ்பனிலும் தமிழ்நாட்டுப் பண்டாரம் போலவே உண்டார், தரையிலேயே படுத்தார். 1690-ஆம் ஆண்டு மீண்டும் கப்பலேறினார்.

என் எண்ணத்தில், முதல் பயணத்தைவிட இந்த இரண்டாம் பயணமே பெரியது. முதல் முறை அவருக்கு வயது 26. இளமை வேகம் இருந்தது. என்ன வரும் என்று தெரியாது. இரண்டாம் முறை 43 வயது. சுடு பாறை எப்படிச் சுடும் என்று அவர் உடம்புக்கே தெரியும். தெரிந்தே போனார்.

மறவ நாட்டில் தடியத் தேவர் என்ற சிற்றரசர் கொடிய நோயிலிருந்து குணமடைந்து, கிறிஸ்தவராக விரும்பினார். ஒரே மனைவியுடன் வாழவேண்டும் என்ற நிபந்தனையை ஏற்று, மற்ற மனைவியரை விலக்கினார். 1693 சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவருள் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். அவள் அழுதுகொண்டு மன்னரிடம் முறையிட்டாள். இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் அவளைக் கெட்டவள் போலவே காட்டுகிறார்கள். எனக்கு அவள்மேல் இரக்கமே வருகிறது. ஒரு தவறும் செய்யாமலே ஒரே நாளில் அவள் வாழ்வு மாறிவிட்டது. அருளானந்தரும் அவள்மீது கோபம் கொண்டிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

இரண்டு நாளில் அவரைச் சிறைப்பிடித்தனர். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்குக் கொண்டு சென்றனர். சிறையில் தாளுண்டு, மை இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு குச்சியால் உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். தமக்கு நேர்வதைப் பாக்கியமாக எண்ணி மகிழ்வதாகத் தெரிவித்தார். மறுநாள், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள், விபூதிப் புதன். ஆற்றங்கரை மணலில் முழந்தாளிட்டுச் செபித்தார். பிறகு எழுந்து, வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார். வாள் விழுந்தது.

1947 சூன் 22-ஆம் நாள் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஆண்டுதோறும் பிப்ரவரி 4 அவருடைய திருநாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வேதசாட்சி மரணத்தின் செய்தி கடல் கடந்து லிஸ்பனை எட்டியபோது, அந்தத் தாய் உயிரோடு இருந்தார். நேர்ச்சை செய்தவரும் அவரே, தடுத்துப் பார்த்தவரும் அவரே, இரண்டு முறை வழியனுப்பியவரும் அவரே. அன்று அவர் துக்க உடை உடுத்தவில்லை என்றும், திருவிழாவுக்குச் செல்பவர்போல் அலங்கார ஆடை அணிந்து அரண்மனைக்குச் சென்றார் என்றும் சொல்லப்படுகிறது.