தாய்மாரைக் காத்த லூசி வில்ஸ்

இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டு பிறந்த வைத்தியர் லூசி வில்ஸ் அம்மையார், 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கடும் இரத்தச்சோகை வாட்டியது, மாண்டவர்களும் உண்டு. கிருமிதான் காரணமோ என்று தேடினார், அகப்படவில்லை. பின்பு அவர்களுடைய சாப்பாட்டைக் கவனித்தார். அதே சாப்பாட்டைக் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். நோய்ப்பட்ட குரங்கொன்று, ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட்டை உண்டு தேறியது. ஆம், நம் வீட்டு அலுமாரியில் இருக்கும் அதே கறுப்பு மார்மைட்தான்! தாய்மாருக்கும் அது கைகொடுத்தது. 1931இல் இதனை வெளியிட்டார். அதிலிருந்த மருந்துப் பொருள் இன்னதென்று அப்போது அவருக்குத் தெரியாது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிறு குளிசை அதுவே. அம்மையார் 1964இல் காலமானார்.