கேஸிலும் டீசலிலும் ஓடும் கப்பல் இன்ஜின்: 1901-லேயே யோசித்தவர் நடுக்கடலில் மாயமானது எப்படி?

இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி வரை குளிர வைத்து, திரவமாக்கித்தான் கப்பலில் ஏற்றுவாங்க. என்னதான் பாதுகாப்பாக மூடி வைத்தாலும் அதில் கொஞ்சம் ஆவியாகிக்கிட்டே இருக்கும். அந்த ஆவியை வீணாக்காமல் கப்பலை ஓட்டவே பயன்படுத்துகின்றன ‘டியூயல் ஃப்யூல்’ இன்ஜின்கள். கேஸ் தீர்ந்துபோனால் டீசலுக்கு மாறிக்கொள்ளும். புது டெக்னாலஜி மாதிரி தெரியலாம். ஆனால் இதற்கான அடிப்படை யோசனை, டீசல் என்ற பெயருக்கே சொந்தக்காரரான ருடால்ஃப் டீசலுடையது.

யார் இந்த டீசல்?

1858-ல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மன்காரர்கள் என்பதால், 1870-ல் பிரான்ஸ் - பிரஷ்யா போர் வந்ததும் குடும்பம் லண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று. 12 வயது ருடால்ஃபை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு மியூனிக்கில் இன்ஜினியரிங் படிப்பு. அங்கே பாடம் எடுத்த கார்ல் வான் லிண்டேவின் குளிர்பதன கம்பெனியிலேயே வேலையும் கிடைத்தது.

அப்போதைய நீராவி இன்ஜின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் 10 சதவிகிதத்தைத்தான் வேலையாக மாற்றின. மீதி எல்லாம் வீண். காற்றை மிகக் கடுமையாக அழுத்தினாலே போதும், அந்தச் சூட்டில் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார் டீசல். 1893-ல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த முதல் சோதனையில் அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. மயிரிழையில் தப்பினார். நாலு வருஷம் விடாமல் முயன்று, 1897-ல் 26 சதவிகிதத்தை எட்டிக் காட்டினார்.

எண்ணெய் மட்டும் என்றில்லை, நிலக்கரித் தூள், வாயு என்று எதையும் எரிக்கும் இன்ஜின்தான் அவருடைய ஆசை. இங்கேதான் ஒரு சிக்கல். வாயு அவ்வளவு லேசில் தானாகப் பற்றாது. அதற்கு அவர் சொன்ன வழி 1901-ல் வெளியான அமெரிக்க காப்புரிமையில் இருக்கிறது: முதல் எரிபொருளைக் காற்றோடு கலந்து, பற்றாத அளவுக்கு அழுத்த வேண்டும். பிறகு சீக்கிரம் பற்றக்கூடிய இன்னொரு எரிபொருளை உள்ளே பீய்ச்ச வேண்டும். அது பற்றி, மற்றதையும் பற்ற வைக்கும். இன்றைய கேஸ் கப்பல்கள் பலவற்றில் நடப்பது இதேதான். பற்ற வைக்க ஒரு சதவிகிதம் அளவு டீசல் போதும்!

1912-ல் டென்மார்க்கின் ‘செலாண்டியா’ கப்பல், புகைபோக்கியே இல்லாமல் டீசல் இன்ஜினில் பாங்காக் வரை போனது. கண்டுபிடித்தவர் நிலைமையோ வேறு. காப்புரிமை வழக்குகள், நஷ்டமான நில முதலீடுகள், உடல்நலக் கோளாறு என எல்லாம் சேர்ந்து கடன் கழுத்தை நெரித்தது. வெளியே மட்டும் கோடீஸ்வர வாழ்க்கை.

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்கு ‘டிரெஸ்டன்’ கப்பலில் கிளம்பினார். அது நீராவிக் கப்பல்! இரவுச் சாப்பாடு முடிந்து, காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் ஆள் இல்லை. படுக்கை கலையவே இல்லை. தொப்பியும் கோட்டும் மேல்தளக் கம்பி ஓரம் கிடந்தன.

சில நாட்கள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் உடலைப் பார்த்தது. சட்டைப் பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அது அப்பாதான் என்று அந்தப் பொருட்களை வைத்து மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா, கொலையா? கடன் கணக்கைப் பார்த்தால் முதலாவதுதான் பொருந்துகிறது. ஆனால் எதுவும் நிரூபிக்கப்படவில்லை.