தேர்வில் தோற்றவர், கணிதத்தில் வென்றவர்

ஒரு கல்லூரியில் தவறினார். அடுத்த கல்லூரியிலும் தவறினார். கையில் பட்டம் இல்லை. அப்படிப்பட்டவருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்து, தாமாகவே படிக்கும்படி விட்டது சென்னைப் பல்கலைக்கழகம்!

அவர்தான் கணித மேதை ராமானுஜம்.

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஜவுளிக்கடை குமாஸ்தா.

பள்ளியில் படித்தபோது, கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதப் புத்தகம் கிடைத்தது. அதில் சுமார் 5,000 சூத்திரங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை. ராமானுஜம் அவற்றைத் தாமே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கப் பணம் இல்லை. சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார்.

தோல்வி

1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். உதவிச் சம்பளமும் கிடைத்தது. ஆனால், கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவிச் சம்பளம் நின்றது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தார். 1907-ல் மீண்டும் தோல்வி!

1909-ல் ஜானகியை மணந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார்.

மாதம் 75 ரூபாய்

1913-ல் தம்முடைய கணக்குகளைக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டி வியந்துபோனார்.

பட்டம் பெறாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதியில் இடம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் சிறப்பு அனுமதி பெற்று, 2 ஆண்டுகளுக்கு அதை வழங்கியது. தேர்வு கிடையாது. 3 மாதத்துக்கு ஒரு முறை, செய்த வேலையை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்! ராமானுஜம் 3 அறிக்கைகள் கொடுத்தார். 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

ஆசிரியரின் சங்கடம்

அங்கே ஹார்டிக்கு ஒரு சங்கடம். ராமானுஜத்துக்குப் புதிய கணிதத்தில் பல பகுதிகள் தெரியாது. எல்லாவற்றையும் முதலில் இருந்து கற்பித்தால், சொந்தச் சிந்தனை கெட்டுவிடும். கற்பிக்காவிட்டால் பிழைகள் தொடரும். எனவே, தேவையானதை மட்டும் சொல்லிக் கொடுத்தார். மற்றதில் அவர் போக்கில் விட்டார்.

பலன் கிடைத்தது. 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பட்டம். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

நோயுடன் ஊர் திரும்பிய ராமானுஜம், 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி காலமானார். வயது 32.

மாணவரே ஒரு பொருளை எடுத்துத் தனியாகப் படித்து, ஆசிரியரிடம் அறிக்கை கொடுக்கும் முறை இன்று பல கல்லூரிகளில் உண்டு. பருத்திப்பட்டில் இருந்து புறப்பட்டு, ஆவடியில் ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு வரலாம். தனியாகப் படிப்பது என்றால், யாரும் கவனிக்காமல் விடுவது அல்ல. நேரம் வேண்டும். வழிகாட்ட ஓர் ஆசிரியரும் வேண்டும்.

ராமானுஜத்துக்கு அவை கிடைத்தது, வாழ்வின் கடைசி 7 ஆண்டுகளில்தான்.